ஒரு தோடு, ரெண்டு பெண்கள்: பழைய கட் வைரத்தை லேப் கல்லில் செய்து வாங்கலாமா?

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு அக்கா இருக்கிறார். அவருக்குப் பெண்கள் ரெண்டு, வைரத்தோடு ஒன்று. அம்மிச்சி போட்டிருந்த ஏழு கல் தோடு, அம்மாவிடம் வந்து, அப்புறம் இவரிடம் வந்து, வருகிற தை மாதம் மூத்தவள் கல்யாணத்தோடு அடுத்த காதுக்குப் போகக் காத்திருக்கிறது. இளையவளுக்கு என்ன செய்வது என்பதுதான் அந்த வீட்டில் மூன்று மாதமாகப் பேச்சு. "ஏனுங் தம்பி, இதே மாதிரி பழைய கட்டிங்லயே லேப் கல்லுல செஞ்சு தர்றாங்கன்னு சின்னவ சொல்றா. அது நெசமா வைரந்தானுங்களா, இல்ல ஏமாத்தறாங்களா?" என்று கேட்டார். லேப் கல் என்றால் பூமியில் எடுக்காமல் ஆய்வகத்தில் வளர்த்த கல். அதே வாரம், பாலக்காட்டில் என்னோடு வேலை பார்க்கும் பையன் ஒருவன் நிச்சயதார்த்த மோதிரத்துக்காக இதே கேள்வியோடு வந்தான். ஆளாளுக்கு வாயால் சொல்லி மாளாது, எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் கல் பதிக்கும் ஆசாரி இல்லை. கோயம்புத்தூர் செல்வபுரத்தில் ஒரு பதிப்புப் பட்டறையில் ஆறு வருஷம் கணக்கு எழுதினேன், தினமும் வேலந்தாவளம் வழியாகப் பஸ்ஸில் போய் வந்து. கல்லைப் பிரிக்கும்போதும் எடை போடும்போதும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுதான் என் படிப்பு.

## பழைய கட் என்று எதைச் சொல்கிறோம்

நம் வீடுகளில் "பெல்ஜியம் கட்டிங்", "ப்ளூ ஜாகர்" என்று ரெண்டு பெயர் புழங்கும். ப்ளூ ஜாகர் என்பது கட்டின் பெயரே இல்லை. தென்னாப்பிரிக்காவில் யாகர்ஸ்ஃபான்டைன் என்று ஒரு சுரங்கம், 1971இல் மூடிவிட்டார்கள், அங்கிருந்து வந்த நீலம் ஓடும் வெள்ளைக் கல்லுக்கு வந்த பெயர் அது. அந்த நீலமும் கல்லின் நிறம் இல்லை, வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் பட்டதும் கல் தானாக நீலமாக ஒளிர்வது. அதனால்தான் அம்மிச்சி தோடு காலை வெயிலில் ஒரு மாதிரியும் ராத்திரி ட்யூப்லைட்டில் வேறு மாதிரியும் இருக்கிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

கட், அதாவது கல்லைத் தீட்டிய விதம், என்று பார்த்தால் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். ஓல்டு மைன் கட் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் கையால் தீட்டியது, ஓரம் மழுங்கின சதுரம். வைரம் பூமியிலிருந்து வரும்போது பெரும்பாலும் ரெண்டு பிரமிடை அடியோடு அடி ஒட்டவைத்த மாதிரி இருக்கும், கல்லை வீணாக்க மனசு வராமல் தீட்டினால் அந்தச் சதுரம்தான் கிடைக்கும். 1870களில் அமெரிக்காவின் பாஸ்டனில் ஹென்றி மோர்ஸின் பட்டறையில் கல்லை இயந்திரத்தில் உருட்டி வட்டமாக்கும் வேலை வந்தது, அதன்பின் பரவியதுதான் வட்டமான ஓல்டு யூரோப்பியன் கட், 1930கள் வரை ஓடியது. ரோஸ் கட் இவை ரெண்டுக்கும் மூத்தது: அடிப்பக்கம் தட்டை, மேல்பக்கம் மொட்டு மாதிரி முக்கோணப் பட்டைகள். 1919இல் மார்செல் டோல்கோவ்ஸ்கி கணக்குப் போட்டு எந்தக் கோணத்தில் தீட்டினால் வெளிச்சம் முழுக்கத் திரும்பும் என்று எழுதிய பிறகு, இன்றைக்குக் கடைகளில் பார்க்கும் ரவுண்ட் பிரில்லியன்ட் மெல்ல மற்ற எல்லாவற்றையும் ஓரம் கட்டிவிட்டது.

பட்டைகளின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் கிடையாது, பழைய மைன் கட்டுக்கும் 58, இன்றைய ரவுண்டுக்கும் அடிமுனைப் பட்டையைச் சேர்த்தால் 58. மாறினது அளவும் கோணமும். பழையதில் மேல்தட்டு சின்னது, தலைப்பகுதி உயரம், அடிப் பட்டைகள் அகலம், அடிமுனையைக் கூராக்காமல் ஒரு சின்ன வட்டமாக வெட்டி விட்டிருப்பார்கள். மேலிருந்து பார்த்தால் கல் நடுவில் ஒரு துளை மாதிரி தெரிவது அதுதான். விளக்கு வெளிச்சத்துக்காகத் தீட்டிய கல் என்பதால் பொடிப்பொடியாக மின்னாமல், பெரிய பெரிய ஒளித் துண்டாக, நிதானமாக மாறி மாறி வரும். கல்பாத்தித் தேருக்குப் போனால் சாயங்காலம் அக்கிரகாரத்துத் திண்ணை ஓரமாக நின்று பாருங்கள், பாட்டிகள் தலையைத் திருப்பும்போது எந்தத் தோடு பழசு எது புதுசு என்று பத்தடி தூரத்திலேயே தெரியும்.

## எதை வைத்து அளப்பது

விலையிலிருந்து ஆரம்பிப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. நான் இந்த வரிசையில் பார்க்கச் சொல்வேன்.

முதலாவது, அது தோடா, மூக்குத்தியா, மோதிரமா, ஒரு கல் எத்தனை சென்ட் (நூறு சென்ட் ஒரு கேரட்). மற்ற எல்லாப் பதிலும் இதை வைத்துத்தான் மாறும். ரெண்டாவது, எந்த வெளிச்சத்தில் போடப் போகிறீர்கள். மூன்றாவது, கட் உண்மையிலேயே பழைய கட்டா, பெயர் மட்டுமா. நாலாவது, பின்னால் அவசரத்துக்கு விற்கும் எண்ணம் இருக்கிறதா. ஐந்தாவது, கல்லுக்கு மேலே ஆகும் செலவு: தங்கம், சேதாரம், பதிப்புக் கூலி, காத்திருக்கும் நாள். ஆறாவது ஒன்று இருக்கிறது, அதை யாரும் பட்டியலில் போட மாட்டார்கள்: வீட்டில் என்ன சொல்லிப் போடப் போகிறீர்கள்.

## வீட்டில் இருக்கும் பழைய தோடு

கையில் இருப்பதை முதலில் பார்ப்போம், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் இதைத்தான் கடைசியாகப் பார்க்கிறார்கள். "மங்கிப்போச்சு, கொடுத்துட்டுப் புதுசு வாங்கலாம்" என்பார்கள். மங்கியது வைரம் இல்லை. பழைய தோடுகள் பின்பக்கம் மூடின பதிப்பு. வருஷக்கணக்கில் தேங்காயெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் இடுக்கு வழியாக இறங்கிக் கல்லுக்கு அடியில் படிந்திருக்கும். வைரத்துக்கு எண்ணெய்ப் பசை என்றால் உயிர், கிம்பர்லி சுரங்கத்தில் கிரீஸ் தடவின மேசையில் மண்ணையும் தண்ணீரையும் ஓடவிட்டு வைரம் மட்டும் ஒட்டிக்கொள்வதை வைத்தே கல் பிரித்தார்கள். அந்தப் பழக்கத்தை நம் வீட்டுத் தோட்டிலும் காட்டுகிறது, அவ்வளவுதான். நல்ல பதிப்புக்காரரிடம் கொடுத்துக் கல்லைப் பிரித்துக் கழுவி மறுபடி பதித்தால் தோடு திரும்பி வரும். உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு கல்லையும் எடை போட்டு எழுதி வாங்குங்கள். அதற்கு முன்பு வீட்டில் சொல்லிக்கொண்டிருந்த எடையெல்லாம் உத்தேசம்தான், மூடின பதிப்பில் கல்லை நிறுக்க முடியாது.

மறைவான செலவு எங்கே வருமென்றால், பழைய கல்லின் விளிம்பு மெல்லியதாக இருந்து ஏற்கெனவே சில்லுப் போயிருக்கலாம், பிரிக்கும்போது இன்னும் கொஞ்சம் போகலாம். அந்தப் பொறுப்பு யாருடையது என்று முன்பே பேசிக்கொள்ள வேண்டும். விற்கப் போனால் வேறு கதை. "இது பழைய கட்டிங், ரீகட் பண்ணாத்தான் போகும்" என்று எடையில் கழிப்பார்கள். ரீகட் என்பது லேசான வார்த்தை இல்லை, கோஹினூரையே 1852இல் லண்டனில் மறுபடி தீட்டியபோது இன்றைய கணக்கில் 191 கேரட் இருந்தது 105.6 ஆனது.

அக்கா வீட்டில் இன்னொரு யோசனையும் ஓடியது: ஆளுக்கொரு பக்கத்துத் தோட்டை வைத்துக்கொண்டு, ஜோடிக்கு லேப் கல்லில் ஒன்று செய்வது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் செய்யாதீர்கள். ஒரு காதில் வெயிலில் நீலம் ஓடும், மறு காதில் ஓடாது. லேப் கல்லில் அந்த ப்ளூ ஜாகர் ஒளிர்வு பொதுவாகக் கிடையாது. உள்ளே பார்க்க ஒரே நிறமாக ஜோடி சேர்த்துவிட்டு, வாசலுக்கு வந்ததும் பிரிந்து நிற்கும்.

## பழைய கல்லையே வெளியில் வாங்குவது

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். தோட்டுக்கு இது சரிப்படாது. பதினாலு கல் ஒரே அளவில், ஒரே நிறத்தில், கையால் தீட்டிய காலத்துக் கல்லாகத் தேடிப் பிடிப்பது வருஷக் கணக்கான வேலை. ஒற்றைக் கல் மோதிரத்துக்கு மட்டும் யோசிக்கலாம், அதுவும் பிரித்த கல்லாக, பெயர் பெற்ற ஆய்வுக்கூடத்துச் சான்றிதழோடு. கல் தன் பழசைத் தானே காட்டும்: ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்த மேல்தட்டு, நடுவை விட்டு நகர்ந்த அடிமுனை, முழுவட்டம் ஆகாத வட்டம். அந்தக் கோணலுக்காகத்தான் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பவர்களுக்கு இது. "பாட்டி கல், கோல்கொண்டா கல்" என்று வாயால் சொல்வதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

## லேப் வைரத்தில் பழைய கட்

அக்கா கேட்ட கேள்விக்கு முதலில் பதில்: வைரம்தான். மீத்தேனும் ஹைட்ரஜனும் சேர்ந்த வாயுவைப் பிளாஸ்மா ஆக்கி, ஒரு மெல்லிய வைர வில்லையின் மேல் கரியை அடுக்கடுக்காகப் படிய விடுவது சிவிடி முறை. பெரும் அழுத்தமும் சூடும் கொடுத்து வளர்ப்பது எச்பிஎச்டி. ரெண்டிலும் வருவது கரிதான், அதே கடினம், அதே ஒளி விலகல். கடையில் வைத்திருக்கும் பேனா டெஸ்டர் சூடு கடத்துவதை அளப்பது, அது ரெண்டையும் வைரம் என்றே சொல்லும். 2018இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் வைரம் என்பதற்கான விளக்கத்திலிருந்து இயற்கை என்ற சொல்லையே எடுத்துவிட்டது. 2023 பட்ஜெட்டில் நம் அரசு அந்த வில்லையின், அதாவது விதைக் கல்லின், இறக்குமதி வரியை நீக்கி, ஐஐடி மெட்ராஸுக்கு இதற்கென ஆராய்ச்சி நிதியும் ஒதுக்கியது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிருஷ்ணா கரையில் கொல்லூர் பக்கம் எடுத்த கோல்கொண்டாக் கற்களில் பேர் போனவை டைப் 2ஏ, அதாவது நைட்ரஜன் கலப்பு ஏறக்குறைய இல்லாத வகை. சிவிடி கற்கள் பெரும்பாலும் அதே வகை. ராஜாக்கள் தேடிப் பிடித்த சுத்தம் இன்று சூரத்தில் வாரக் கணக்கில் வளர்கிறது.

சரி, கல் வைரம். கட் பழைய கட்டா? தகராறே இங்கேதான் ஆரம்பம்.

என் கதையைச் சொல்கிறேன். போன வருஷம் மனைவிக்குக் கம்மல் செய்ய, "ஓல்டு மைன் கட்" என்று போட்டிருந்த ஒரு ஜோடியை ஆன்லைனில் வரவழைத்தேன். படத்தில் பூ மாதிரி இருந்தது. வந்த கல்லில் மேல்தட்டு அகலம், அடிமுனை ஊசி, உள்ளே நொறுக்கின ஐஸ் மாதிரி பொடி மின்னல். சான்றிதழை எடுத்துப் பார்த்தால் வடிவம் என்ற இடத்தில் "குஷன் மாடிஃபைட் பிரில்லியன்ட்", அதாவது இன்றைய பாணியில் தீட்டிய தலையணை வடிவம், என்று நேர்மையாகவே போட்டிருக்கிறது, படிக்காதது நான். ஆர்டரின் பேரில் தீட்டிய கல் என்பதால் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். கம்மல் நன்றாகத்தான் இருக்கிறது, மனைவிக்கும் குறை இல்லை. ஆனால் அது நான் கேட்ட கட் இல்லை.

அதனால் பெயரைக் கேட்காதீர்கள், அளவைக் கேளுங்கள். ஒரு வட்டக் கல்லை ஓல்டு யூரோப்பியன் என்று சொல்ல ஜிஐஏ என்ற அமெரிக்க ஆய்வுக்கூடம் நாலு விஷயத்தைப் பார்க்கிறது: மேல்தட்டு விட்டத்தில் 53 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, தலைப்பகுதிக் கோணம் 40 டிகிரிக்குக் குறையக்கூடாது, கீழ்ப் பாதிப் பட்டைகளின் நீளம் 60 சதவீதத்துக்குள், அடிமுனை நடுத்தர அளவுக்குக் குறையாமல் திறந்திருக்க வேண்டும். நாலில் மூன்றாவது தேற வேண்டும். இன்றைய ரவுண்டில் அந்தக் கீழ்ப் பாதி நீளம் 75, 80 சதவீதம் வரை போகும், பொடி மின்னல் அங்கிருந்து வருவது. விற்பவர் இந்த எண்களைச் சொல்லத் தடுமாறினால் அடுத்த கடைக்குப் போகலாம். கூடவே, கடை ஸ்பாட் லைட்டுக்குக் கீழே இல்லாமல் சாதாரண ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த வீடியோ கேளுங்கள். நேரில் என்றால் கல்லை எடுத்துக்கொண்டு கடை வாசல் வரை போய்ப் பாருங்கள், கூட ஒரு ஆளை அனுப்புவார்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அடுத்து நிறம். லேப் கல் என்றாலே டி, இ என்று உச்ச நிறம் வாங்கச் சொல்வார்கள், விலையும் பெரிதாக ஏறாது. ஆனால் பழைய கட்டில் அந்தப் பளீர் வெள்ளை எனக்கு என்னவோ ஒட்டவில்லை, வேட்டிக்கு டை கட்டின மாதிரி. லேசாக மஞ்சள் ஓடும் கல்லைக் கேட்டால் சிலர் ஆச்சரியமாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை. கவனிக்க வேண்டியது வேறு: சிவிடியில் சில கல் பழுப்பு ஓடும், சிலது பால் விட்ட மாதிரி மங்கும், எச்பிஎச்டியில் சிலது போரான் கலப்பால் மெல்லிய நீலம் காட்டும். சான்றிதழில் நிற எழுத்து நன்றாக இருந்தும் கல் சோம்பலாக இருக்க இதுவே காரணம். அந்த நீலத்தை "ப்ளூ ஜாகர்" என்று யாராவது விற்க வந்தால் சிரித்துவிட்டு நகருங்கள், அது வேறு நீலம்.

அளவு விஷயம் தோட்டுக்காரர்களுக்கு முக்கியம். ஏழு கல் தோட்டில் கல்லுக்கு 12 சென்ட் என்று வையுங்கள், பதினாலு கல்லுக்கு 1.68 கேரட். 12 சென்ட் கல்லின் குறுக்களவு 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே. அந்த அளவில் அடிமுனையின் துளையும் பூ மாதிரி அமைப்பும் லென்ஸ் வைத்தால்தான் தெரியும். ஒளித் துண்டு பெரிதாக வருவது மட்டும் வெறும் கண்ணுக்குத் தெரியும். அதே சமயம் சின்னக் கல்லில்தான் லேப் கல்லின் விலை லாபம் குறைவு. ஒரு கேரட்டுக்கு மேலே இயற்கைக் கல்லோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்கு, சில நேரம் அதற்கும் கீழே வரும், பொடிக் கல்லில் அந்த இடைவெளி சுருங்கிவிடும், ஆர்டர் கொடுத்துப் பழைய கட்டில் தீட்டும் கூலி கல்லின் விலையையே தொடலாம். பதினாலையும் தனிக் கட்டில் தீட்டச் சொல்வதற்குப் பதில், நடுக்கல்லை மட்டும் பெரிதாக, 30, 40 சென்டில் நல்ல மைன் கட்டாக எடுத்துக்கொண்டு, சுற்றி ஆறுக்கு மேலே எட்டு, கீழே எட்டுப் பட்டை மட்டும் உள்ள சிங்கிள் கட் போடலாம். சின்னக் கல்லில் பட்டை குறைந்தால் மின்னல் பெரிதாகும், பழைய நகைகளிலும் பொடிக் கல்லுக்கு அதைத்தான் வைத்தார்கள்.

தீட்டும் கூலியை விட்டால் சொல்லாமல் வரும் செலவுகள் இன்னும் உண்டு. சிவிடி கல் தட்டை வில்லையாக வளரும், உயரமான தலையும் ஆழமான அடியும் உள்ள கட்டுக்குத் தடிமனான வில்லை வேண்டும், அதனால் ரவுண்டை விடக் கேரட் விலை கூடுவது சகஜம். கல் ஆழம் என்பதால் பதிப்புக் கிண்ணமும் ஆழம், தங்கம் கூடும். தங்கம் விற்கும் விலையில் அது சின்ன விஷயம் இல்லை, காது மடலும் தாங்க வேண்டும். மேலிருந்து பார்க்கையில் அதே எடை ரவுண்டை விடக் கல் சற்றுச் சின்னதாகத் தெரியும். ஒரு கல் உடைந்தால் ஜோடிக்கு அதே மாதிரி தீட்டித் தர மறுபடி காத்திருப்பு. இன்னொன்று பட்டறையில் பார்த்தது: சான்றிதழ் எண்ணைக் கல்லின் விளிம்பில் லேசரால் பொறித்திருப்பார்கள், மூடின பதிப்பில் உட்கார்ந்த பிறகு அதை யாராலும் படிக்க முடியாது. பதிக்கும் முன்பே படம் எடுத்து வையுங்கள்.

சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை. ஜிஐஏ 2025இல் லேப் கற்களுக்குப் பழைய நிற, தூய்மை எழுத்துகள் தருவதை விட்டுவிட்டு "பிரீமியம்", "ஸ்டாண்டர்டு" என்று ரெண்டே வகையாக்கியது. ஐஜிஐ என்ற இன்னொரு ஆய்வுக்கூடம் பழையபடி எழுத்துகளோடு தருகிறது. ரெண்டிலுமே பழைய கட்டின் அழகுக்கு மதிப்பெண் கிடையாது. அதனால் ஒரு படி மேலான தூய்மைக்குக் கொடுக்கும் காசை நல்ல கட்டுக்குக் கொடுங்கள்.

திரும்ப விற்பது? மனதில் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டு வாங்குங்கள். டி பியர்ஸே 2018இல் லைட்பாக்ஸ் என்ற பெயரில் கேரட் 800 டாலர் என்று லேப் நகை விற்க இறங்கி, 2025இல் அந்தக் கடையை மூடப்போவதாக அறிவித்துவிட்டது. உற்பத்தி ஏற ஏற விலை இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. சில கடைகள் லேப் கல்லுக்கும் மாற்றிக்கொள்ளும் வாக்குறுதி தருகின்றன, ஆர்டர் கொடுத்துத் தீட்டிய கட்டுக்கும் அது பொருந்துமா என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

யாருக்கு இது நல்லது: கட் பிடித்தவர்களுக்கு, அரை கேரட்டுக்கு மேல் ஒற்றைக் கல் மோதிரம் செய்பவர்களுக்கு, மூக்குத்திக்கு ரோஸ் கட் தேடுபவர்களுக்கு. ரோஸ் கட் மூக்குத்தி பற்றித் தனியாகவே எழுதலாம். அடி தட்டை என்பதால் மூக்கோடு ஒட்டி உட்காரும், அதே எடைக்கு அகலமாகத் தெரியும், மெல்லிய கல் என்பதால் தங்கமும் குறைவு. திறந்த பதிப்பில் மட்டும் போடாதீர்கள், வெளிச்சம் கீழே இறங்கிப் போய்த் தோல் நிறம் தெரியும், கண்ணாடிச் சில்லு மாதிரி ஆகிவிடும். அடியில் தகடு வைத்து மூடிப் பதித்தால்தான் குத்துவிளக்கு வெளிச்சத்தில் அது கண் திறக்கும். ஆஷர் கட் என்று 1902இல் ஆம்ஸ்டர்டாமில் வந்த படிக்கட்டுச் சதுரமும் லேப் கல்லில் தாராளமாகக் கிடைக்கிறது. மோதிரத்துக்கு அழகு, தோட்டில் வைத்தால் ஜன்னல் கம்பி மாதிரி இருக்கும்.

## லேப் வைரத்தில் இன்றைய ரவுண்ட்

அதே காசுக்குப் பெரிதாகவும் வெளிச்சமாகவும் வேண்டும் என்றால் இதுதான், சந்தேகமே வேண்டாம். ரெடியாகக் கிடைக்கும், ஜோடி சேர்ப்பது சுலபம், உடைந்தால் மறு கல் அடுத்த வாரம் வரும், எந்த ஊர் ஆசாரியும் பதிப்பார். கல்யாண மண்டபத்து எல்ஈடி வெளிச்சத்தில் பழைய கட்டை இது விழுங்கிவிடும். ஆபீஸுக்குத் தினமும் போடும் ஒற்றைக் கல் தோட்டுக்கு நான் இதையே சொல்வேன். அம்மிச்சி தோட்டின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது மட்டும் ரெண்டும் ரெண்டு பாஷை பேசும்.

## மாயிஸனைட், அமெரிக்கன் டைமண்ட்

பழைய கட்டில் மாயிஸனைட்டும் (வைரம் மாதிரியே இருக்கும், வைரம் இல்லாத வேறு செயற்கைக் கல்) வருகிறது, லேப் வைரத்தை விடவும் மலிவு. கடினம் 9.25, தினசரிக்குத் தாங்கும். ஆனால் வண்ணம் சிதறுவது வைரத்தைப் போல ரெண்டு மடங்குக்கு மேல், பெரிய பட்டை உள்ள கட்டில் அது வானவில் மாதிரி பீறிடும், இன்னும் பெரிய கல் என்றால் கூட்டத்தில் காட்டிக் கொடுத்துவிடும். அமெரிக்கன் டைமண்ட் கீறல் விழுந்து ரெண்டு மூன்று வருஷத்தில் மங்கும். ரெண்டுக்கும் நான் கண்ட உபயோகம் ஒன்று: நிஜக் கல்லுக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பு, அதே அளவில் ஒரு மலிவுக் கல்லை வெள்ளியில் பதித்து ஒரு மாதம் போட்டுப் பார்ப்பது. கிண்ணத்தின் உயரம் காதுக்கு ஒத்துவருகிறதா என்பது அதில் தெரிந்துவிடும். திருச்சிப் பக்கம் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டும் குடும்பங்கள் தலைமுறையாக இருக்கிறார்கள், சொல்லிச் செய்ய ஆள் கிடைப்பார்கள்.

## ஒரே பார்வையில்

| | வீட்டுப் பழைய தோடு | லேப், பழைய கட் | லேப், ரவுண்ட் | மாயிஸனைட் |
|---|---|---|---|---|
| விளக்கு, ஜன்னல் வெளிச்சம் | அருமை | அளவு சரியென்றால் அருமை | பரவாயில்லை | வண்ணம் மிஞ்சும் |
| மண்டப எல்ஈடி | நிதானம் | நிதானம் | கண்ணைப் பறிக்கும் | மிகையாகும் |
| ஜோடி சேர்ப்பது | கஷ்டம் | காத்திருந்தால் முடியும் | சுலபம் | சுலபம் |
| மறைவான செலவு | பிரிக்கும்போது சேதம் | தீட்டும் கூலி, ஆழக் கிண்ணம் | அதிகம் இல்லை | பெரிதாக இல்லை |
| விற்றால் | கழித்து எடுப்பார்கள் | எதிர்பார்க்காதீர்கள் | எதிர்பார்க்காதீர்கள் | கேட்கவே வேண்டாம் |

## வீட்டில் என்ன சொல்வது

பழைய கட்டில் கொஞ்சம் பெரிய லேப் கல் வாங்கி வந்தவுடன் பெரியவர்கள் லென்ஸ் இல்லாமலே கண்டுபிடிக்கும் ஒன்று அந்த அடிமுனைத் துளை. "நடுவுல புள்ளி இருக்குது, தோஷக் கல்லு" என்று ஒரு மாமியார் கல்லைப் பட்டறைக்கே திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். அவர் காதில் இருந்த தோட்டிலும் ஏழு புள்ளி இருந்தது, எண்ணெய்க்கு அடியில். ஆசாரி தோட்டைக் கழற்றிக் கழுவி லென்ஸில் காட்டியபிறகுதான் சமாதானமானார். வைரம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது, தலையணைக்கு அடியில் மூணு ராத்திரி வைத்துப் பார்க்க வேண்டும் என்று நம்புகிறவர்கள் லேப் கல்லுக்கும் அதைச் செய்கிறார்கள். செய்யட்டும், கெட்டுப் போவது ஒன்றும் இல்லை.

லேப் கல் என்பதைச் சொல்லாமல் கொடுக்கும் யோசனை மட்டும் வேண்டாம். சம்பந்தி வீட்டில் யாராவது ஒருநாள் விற்கவோ அடகு வைக்கவோ எடுத்துப் போவார்கள், கடைக்காரர் கல்லை இயந்திரத்தில் வைப்பார், அப்போது வரும் பேச்சு கல்லின் விலையை விடப் பெரிது. அதே மாதிரி, நாற்பது வருஷம் கழித்துப் பேத்தி கையில் ரெண்டு தோடு இருக்கும், ரெண்டும் பார்க்க ஒன்றுபோல. பெட்டிக்குள் ஒரு காகிதத்தில், எந்த வருஷம், எந்தக் கல், எத்தனை சென்ட் என்று எழுதி வைப்பது அஞ்சு நிமிஷ வேலை.

நிச்சயதார்த்தப் பையன் 80 சென்டில் ஓல்டு யூரோப்பியன், லேசான மஞ்சள் நிறம், மேல்தட்டு 50 சதவீதம் என்று எழுதிக் கொடுத்து ஆர்டர் போட்டுவிட்டான். அக்கா வீட்டில் என் திட்டம் எடுபடவில்லை. பெரிய மைன் கட் நடுக்கல், சுற்றி ஆறு சிங்கிள் கட் என்று நான் கணக்கெல்லாம் போட்டுக் காட்டி முடித்ததும் சின்னவள், "எனக்குத் தோடே வேண்டாங்க அண்ணா, நான் ஜிமிக்கிதான் போடுவேன், ஒரு ரோஸ் கட் மூக்குத்தி போதும்" என்று சொல்லிவிட்டாள். மூன்று மாதப் பேச்சு மூணு நிமிஷத்தில் முடிந்தது. இப்போது பெரியவள்தான், "அப்ப எனக்கும் அந்த மூக்குத்தி" என்கிறாளாம்.